டெல்டாக்காரனுக்கு மலை எதற்கு? கட்டுமலை, கொல்லிமலை, ஆடிப்பெருக்கு: ஒரு விவாத இழை

கேள்வி: மன்னார்குடி வாசகர், 14 ஜூன் 2025

எங்கள் தெருப் பையன்கள் லீவு கிடைத்தால் ஒரு மலை ஏறிவிடுகிறார்கள். வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி என்று ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளுகிறார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நம் டெல்டாவில் ஏறி இறங்க ஒரு மேடு உண்டா? நம் தாத்தா பாட்டியெல்லாம் வயலை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கோயில் என்றுதான் இருந்திருப்பார்கள். வெளியே போய் விளையாடிய கதை, அதற்கென்று ஒரு வரலாறு, நமக்குக் கிடையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

14 ஜூன், இரவு

மறுக்கிறேன்.

முந்தாநாள், ஜூன் 12, மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று. கல்லணை தாண்டி, வெண்ணாறு வழியாக உங்கள் ஊர்ப் பாமணி ஆற்றுக்கு வந்து சேரக் கொஞ்ச நாளாகும். வந்ததும் ஒரு சாயங்காலம் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, வேட்டியை அவிழ்த்துக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தலைகீழாகப் பாய்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? மலை ஏறினால்தான் விளையாட்டா?

மேட்டைப் பற்றி நாளைக்கு. கரண்டு போய்ப் போய் வருகிறது.

15 ஜூன்

மேடு கேட்டீர்கள். சுவாமிமலையை விட்டுவிட்டீர்களே. அறுபடை வீடுகளில் ஒன்று, கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இயற்கையான மலை கிடையாதுதான், கட்டுமலை. ஏறுவதற்கு 60 படி, படிக்கொரு தமிழ் வருஷத்தின் பெயர். சின்ன வயதில் எங்கள் பந்தயம் இதுதான்: பிரபவ, விபவ என்று வருஷப் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடி ஏற வேண்டும். பெயர் தப்பினால் கீழே இறங்கி முதலிலிருந்து. 38-வது குரோதி, 59-வது குரோதன. இரண்டையும் குழப்பிக்கொண்டு, உச்சிக்கு ஒரு படி முன்னால் தோற்றுக் கீழே இறங்கியவர்கள் எங்கள் செட்டில் நிறைய. மேலே சுவாமி தரிசனம் அப்புறம்தான்.

அதோடு நிற்கவில்லை. கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோயில்கள் டெல்டா முழுக்க இருக்கின்றன. யானை ஏற முடியாதபடி உயரத் தளம் எழுப்பி, குறுகலான படி வைத்து, மேலே மூலவர். முற்பிறவியில் அவன் சிலந்தி, யானைமேல் தீராத கோபம் என்பது திருவானைக்காவில் சொல்லும் கதை. ஆறு உடைத்துக்கொண்டாலும் கருவறைக்குள் தண்ணீர் வரக் கூடாது என்ற யோசனையும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல் ஊர்க் கோயிலில் ஏறிப் பாருங்கள். சீர்காழியில் மூன்று நிலை: கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். மேலே நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

பெரிய கோயிலைச் சொல்லாமல் விட்டால் தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1010-இல் முடித்த அந்த விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர். 216 அடி. தஞ்சாவூரைச் சுற்றி ஒரு பாறை கிடையாது, கல் முழுக்க மேற்கே இருந்தும் தெற்கே இருந்தும் வந்தது. மலை இல்லாத ஊரில் மலையைக் கொண்டுவந்து அடுக்கியவர்களைப் பார்த்து மேடு உண்டா என்று கேட்கிறீர்கள்.

15 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் ராமர் பாதம் இருக்கிறது. அந்தக் காட்டிலேயே உயரமான இடம் அதுதான். உயரம் எவ்வளவு தெரியுமா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். நம் எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் தேவைப்படாது. சுற்றிலும் வெளிமான் மேயும், வலசைக் காலத்தில் போனால் பூநாரையும் பார்க்கலாம்.

19 ஜூன்

சீர்காழிப் பக்கத்து நண்பர் ஒருவர், "கட்டுமலை, மண்மேடு எல்லாம் கணக்கில் சேராது. அசல் மலையைப் பற்றிப் பேசுங்கள், அங்கே இருக்கிற மாதிரி நமக்கு உண்டா?" என்று மடக்கியிருக்கிறார். சரி, அசல் மலைக்கே போவோம். எனக்கும் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

தொண்ணூறுகளில் எனக்குக் கொல்லிமலையில் வேலை. செம்மேட்டில் ஒரு சின்ன அலுவலகம், எழுத்தர் உத்தியோகம். குடமுருட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவன் காரவள்ளியில் பஸ் ஏறினால் என்ன ஆகும்? மேலே போய்ச் சேருவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் ஜன்னல் வழியாகப் போயிற்று. (இழையில் ஒருவர் 72 கொண்டை ஊசி வளைவு என்று எழுதியிருக்கிறார். 70. வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுப்பவன் எண்ணாமல் இருக்க மாட்டான்.)

அங்கே என்னோடு வேலை பார்த்தவர் மலையாளி. கேரளத்துக்காரர் இல்லை, மலையை ஆளுகிற பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு, ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் போனதாக அவர்களுடைய வழக்குக் கதை. மலையை வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள். இவர் சேளூர் நாடு. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை "நீங்க" என்பதை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒற்றையடிப் பாதை. அவர் தலையில் சும்மாட்டுக்கு மேல் ஒரு பலாப்பழம், கையில் மண்ணெண்ணெய் டின். நான் வெறுங்கை. முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. அவர் மாமியார் வீட்டுச் சண்டையை முழு விவரத்தோடு சொல்லிக்கொண்டே நடக்கிறார். அவர் காலைக் கவனித்தேன். நேராக ஏறுவதே இல்லை. சரிவை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டி ஏறுகிறார், பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கிறார், எந்த அடியையும் நீளமாக எடுத்து வைக்கவில்லை. நான் பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி எட்டி எட்டி வைத்தேன். "ஏறும்போது பேச்சுக் குடுக்காதீங்க தம்பி, கேட்டுக்கிட்டே வாங்க" என்றார்.

மூச்சு திரும்பியதும் கேட்டேன்: "மலை ஏறுறது ஜாலியாத்தான் இருக்கும், இல்லண்ணே?"

"ஏறாம வூட்டுக்கு எப்படிப் போறதாம்?"

19 ஜூன், தொடர்ச்சி

அந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஸ்டேட்டஸ் போடுகிற மலையேற்றம் அங்கே இருப்பவர்களுக்கு ரேஷன் கடைக்குப் போய் வருகிற வழி. அவர்களுடைய விளையாட்டு வேறு. பொங்கல் சமயத்தில் எருதாட்டம். தினை, சாமைக் கொல்லைக்குப் பன்றி வராமல் இருக்கப் பரணில் காவல், விடிய விடிய பேய்க்கதை. பிள்ளைகளுக்குப் பாக்கு மட்டை. புல் சரிவின் உச்சியில் மட்டையை வைத்து உட்கார்ந்தால் அதுவே இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். நம் ஊரிலும் தென்னை மட்டையில் உட்காருவோம், ஆனால் முன்னால் ஒருத்தன் இழுக்க வேண்டும், அடுத்த முறை நாம் அவனை இழுக்க வேண்டும். தரை தட்டையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் கூட்டாளி தேவை.

27 ஜூன்

"மலைக்குத்தான் எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது, கொடைக்கானலைப் பாருங்கள்" என்று ஒருவர். பார்த்தேன். யாருடைய வரலாறு என்றும் பார்த்தேன்.

மதுரையில் காய்ச்சலும் காலராவும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் அங்கே வீடு கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1872-இல் கோக்கர் என்ற லெப்டினண்ட் மலை விளிம்பில் ஒரு நடைபாதை போட்டார், இன்றும் அவர் பெயர்தான். 1875-இல் அடிவாரத்துக்குப் பக்கம் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. மோட்டார் சாலை வர 1910-கள் ஆயிற்று. அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ, நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் தூக்கியோதான் மேலே போனார்கள்.

அந்த ஏரியில் விட லெவிஞ்ச் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து! சாலை கிடையாது. படகு தானாக மலை ஏறியிருக்காது. தூக்கியவன் பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஊட்டிக்கும் இதே கதைதான், 1819-இல் சல்லிவன் போனார் என்பார்கள். கூடப் போனவர்கள் வெறும் "கூலிகள்".

ஆகவே மன்னார்குடி நண்பரே, மலைக்கு வரலாறு இருக்கிறது, நமக்கு இல்லை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து உல்லாசமாகப் போனவன் எழுதிவைத்தான். உள்ளூர்க்காரன் அங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. சாலை இல்லாத மலைக் கிராமங்களில் பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கி வரும் செய்தியை இன்றும் படிக்கிறோம். தூக்குகிறவர்கள் தோள் மட்டும் மாறவில்லை.

28 ஜூன்

நேற்றைய குறிப்பு உபன்யாசம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும்.

6 ஜூலை

தம்பி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: அனுமதி எதுவும் வாங்காமல் நாலு பேராகத் தேனிப் பக்கம் காட்டுக்குள் போகலாமா, யூடியூபில் வழி இருக்கிறதாம். போகாதீர்கள். 2018 மார்ச் 11, குரங்கணி. காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதி கொண்டுவந்தது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக ஓடும். இது மலைக்காரனுக்குத் தெரியும், யூடியூபுக்குத் தெரியாது.

2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறையாகத் திறந்துவிட்டது. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். அதில் போங்கள், அவருக்கும் கூலி கிடைக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை அந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? ராமர் பாதத்துக்கு வழிகாட்டி வைத்தால் அவரே சிரித்துவிடுவார்.

20 ஜூலை

சேளூர் நாட்டு அண்ணனை நான் நம் ஊருக்கு ஆடிப்பெருக்குக்குக் கூட்டிவந்த கதையைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு முன்பு ஆடி பிறந்துவிட்டது, பொருத்தம்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக் குறுக்கு வழி, வரப்பு. நடவு வேலை நடக்கிறது, வரப்பெல்லாம் புதுச்சேறு பூசியிருக்கிறது. நான் பேசிக்கொண்டே போகிறேன். பின்னால் பதில் வரவில்லை. திரும்பினால் முழங்கால் வரை வயலுக்குள் நிற்கிறார். ஒரு செருப்பு காணோம். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு கிழவி, "சேத்துல கால வச்சா உருவுறப்ப மொதல்ல குதிகாலத் தூக்கணும் தம்பி, அழுத்தாத" என்று பாடம் எடுத்தாள். 70 வளைவையும் இருட்டில் நடந்து இறங்கக்கூடிய மனுஷன், ஒரு சாண் அகல வரப்பில் நாலு தடவை விழுந்தார்.

அடுத்தது ஆறு. எங்கள் படித்துறையில் ஆறு வயசுப் பயல் எல்லாம் குதிக்கிறான். இவர் மூன்றாவது படிக்குக் கீழே இறங்கவில்லை. மலையில் அருவி உண்டு, குளிப்பார்கள். நீந்துகிற அளவுக்கு ஆழமும் அகலமுமான தண்ணீர் அவர் ஊரில் எங்கே? நாங்கள் நீச்சல் பழகிய விதத்தைச் சொன்னேன்: வெட்டின வாழை மரம் இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பது. கொஞ்ச நாளில் ஒரு மரம். அப்புறம் மாமா ஒருவர் வாழை மரத்தைத் தட்டிவிட்டுவிட்டுக் கரையில் நின்று வெற்றிலை போடுவார். தண்ணீர் குடித்துக் குடித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

"உங்க ஊர்ல சாவுறதுக்கு வழி தட்டையா இருக்கு" என்றார் அண்ணன். படித்துறையில் இருந்தவர்கள் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் பதினெட்டு. என் அக்கா பிள்ளைகளுக்குச் சப்பரத்தட்டி வாங்கியிருந்தோம். பார்க்காதவர்களுக்காக: ஒரு முழ உயரத்தில் மெல்லிய சட்டங்களில் குட்டித் தேர். கீழே மரச் சக்கரம், சுற்றிலும் கலர் காகிதம், நடுவில் சாமி படம். சணல் கட்டிப் பிள்ளைகள் தெருவில் இழுத்துக்கொண்டே ஆற்றுக்குப் போவார்கள். சக்கரம் வட்டமாக இருக்காது, அதனால் தேர் தத்தித் தத்தித்தான் வரும், சாமி படம் ஆடிக்கொண்டே வரும். அண்ணன் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி, என் அப்பாவின் அரிவாளால் செதுக்கி, வட்டமாக்கி மாட்டிக் கொடுத்தார். தேர் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, "ஆடவே மாட்டேங்குது மாமா" என்று அழுகை.

பெண்கள் கரையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள, காப்பரிசி கைக்கைக்கு வந்தது. கட்டுச்சோறு அவிழ்த்ததும் அண்ணனுக்கு எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் சொன்னார்: இதே நாளில் அவர்கள் மலையில் அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் தாங்காதாம். அங்கே ஐயாற்றில் குளிப்பார்கள். அந்த ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, கடைசியில் காவிரியில்தான் சேருகிறது. "எங்க ஆளு குளிச்ச தண்ணியிலதான் நீங்க படையல் போடுறீங்க" என்றார். என் அம்மாவுக்கு அந்தத் தகவல் அவ்வளவாக ருசிக்கவில்லை.

22 ஜூலை

எச்சரிக்கை ஒன்று விட்டுப்போனது. நான் குதித்த இடத்தில் இன்று என் பையனைக் குதிக்க விடமாட்டேன். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. கொள்ளிடத்தில் முழங்கால் ஆழம் என்று நடந்துகொண்டே போவார்கள், அடுத்த அடியில் ஆளே இருக்காது. ஷட்டர் பக்கம் போகவே வேண்டாம். மலைக்கு விதியும் வழிகாட்டியும் வந்த மாதிரி ஆற்றுக்கு எதுவும் வரவில்லை. வருஷா வருஷம் ஆடியில் நாலு ஊரில் ஒப்பாரி கேட்கிறது.

4 ஆகஸ்ட்

நேற்றுப் பதினெட்டு. தண்ணீர் நிறையப் போகிறது, போலீஸ் கயிறு கட்டிப் படித்துறையிலேயே நிறுத்திவிட்டார்கள். சப்பரம் இழுத்துவந்த பிள்ளைகளைத் தேடினேன், எங்கள் தெருவில் இரண்டே இரண்டு. திருவையாற்று வாசகர் அங்கே கடைகளில் இன்னும் வரிசையாக விற்கிறது என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் எங்கள் தெருதான் சோம்பேறித் தெரு.

கொல்லிமலையில் அதே இரண்டு நாளும், ஆடி 17, 18, வல்வில் ஓரி விழா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகச் சங்கப் புலவர் பாடிய ஓரிக்கு அரசு எடுக்கிற விழா. வில்வித்தைப் போட்டி நடக்கும். மன்னார்குடி நண்பர் அங்கே போயிருக்கிறாராம்! வெளியே போய் விளையாடிய கதை நமக்குக் கிடையாது என்று கட்சி கட்டியவர் மலை உச்சியிலிருந்து படம் அனுப்புகிறார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. இறங்கியது சுகமாக இருந்தது, ஏறும்போது உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன் என்கிறார். பேசிக்கொண்டே ஏறியிருப்பார்.

5 ஆகஸ்ட்

அவரே மறுபடியும் ஒரு கேள்வி போட்டிருக்கிறார். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆற்றில் மீன் கொழுத்துத் திரிகிறதே, அந்த ஊர்க்காரர்கள் பிடித்து வறுக்க மாட்டார்களா? டெல்டாக்காரன் புத்தி வேறு எங்கே போகும்.

மாட்டார்கள். பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது துண்டுகள் ஒன்று சேர்ந்து முழு மீனாகித் துள்ளி ஆற்றுக்குள் போய்விட்டதாகக் கதை. அந்த மீனைச் சாமியாகவே வைத்திருக்கிறார்கள். பொரி போடலாம். தூண்டிலைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், அண்ணனுடைய ஆட்கள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், பார்த்தால் உங்களுக்குச் சோறு கிடைக்காது.

மீன் வேண்டுமென்றால் கீழே இறங்கி முசிறிக்கு வாருங்கள். அங்கே அது காவிரி மீன்.